உப்புக் காற்றும் ஒரு மீற்றர் வயரும்

உப்புவெளியில் கடலுக்கு அண்மையில் வசிப்பதால், என் சீடி பிளேயரையும் அம்பிளிபயரையும் இணைத்திருந்த மலிவான ஆர்சிஏ வயரின் முனைகளில் பச்சை பூத்து, இடது ஸ்பீக்கர் அடிக்கடி ஊமையாகிவிடும். அதற்குப் பதிலாக, திருகோணமலை நகரில் சிறு கடையொன்றில் வாங்கிய, முனைகளில் தங்கமுலாம் பூசிய ஒரு மீற்றர் வயரை மூன்று மாதங்களாகப் பயன்படுத்துகிறேன். ஒருமுறையேனும் ஒலி அறுந்ததில்லை. தங்கம் ஒலியை இனிமையாக்குவதில்லை, அரிப்புக்கு உள்ளாகாது என்பதே அதன் பயன். கடைக்காரர் பரிந்துரைத்த பல மடங்கு விலையுள்ள வயரை நான் மறுத்ததற்குக் காரணம் உண்டு: வயரின் கொள்ளளவம் (மின்னேற்றத்தைத் தேக்கும் திறன்) 100 பிக்கோபரட் எனவும், பிளேயரின் வெளியீட்டுத் தடை 200 ஓம் எனவும் கொண்டால், உயர் அதிர்வெண்கள் குறையத் தொடங்கும் எல்லை ஏறத்தாழ 8 மெகாஹேர்ட்ஸ் ஆகும், மனிதச் செவியோ 20 கிலோஹேர்ட்ஸைத் தாண்டுவதில்லை, ஆகவே விலை கூடிய வயரால் காதுக்கு வேறுபாடு தெரியாது. இசைத்தட்டுச் சுழலி வைத்திருப்போருக்கு மட்டும் கணக்கு வேறு. மூவிங் மக்னெற் வகை காட்ரிஜ்ஜின் (ஊசியின் அசைவை, அதனுடன் அசையும் காந்தத்தால் மின்சைகையாக்கும் பகுதியின்) உச்சத்தொனியைக் கொள்ளளவம் மாற்றிவிடுமாதலால், அவர்கள் கொள்ளளவம் குறைந்த, குட்டையான வயரையே தேட வேண்டும். என் வயரின் குறை ஒன்றுதான்: முனைகள் மிக இறுக்கமாகப் பற்றுவதால், கழற்றும்போது அம்பிளிபயரின் சொக்கெற்றும் கூடவே வந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியிருக்கிறது.