டிப்போ வேலையா, பிசினஸ் டெவலப்மென்ட்டா?

எரிபொருள் கிடங்கான டிப்போவில் சேர்வதா, மொத்தமாக வாங்குபவர்களைப் பிடிக்கும் விற்பனை வேலையான பிசினஸ் டெவலப்மென்ட்டுக்குப் போவதா? எரிபொருள் துறைக்குள் வருபவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

அன்றாடம்
டிப்போ: விடியும் முன்பே லாரி வரிசை. மின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் எர்த் கிளிப்பை லாரியில் மாட்டாமல் லோடிங் தொடங்கக் கூடாது. எண்ணெய் ஓடும்போது சேரும் நிலைமின்சாரத்தில் ஒரு பொறி போதும், தீப்பிடிக்க.
விற்பனை: குவாரி, பஸ் கம்பெனி, ஆலை என்று அலைச்சல்.

கணக்கு
டிப்போ: 20,000 லிட்டர் டீசல் 5 டிகிரி குளிர்ந்தால் சுமார் 80 லிட்டர் சுருங்கும். இது தெரியாதவர் டிரைவரைத் திருடன் என்பார். எண்ணெயின் அடர்த்தியை 15 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்டுப் பார்த்து, அது லோடுடன் வரும் சலானில் (ரசீதில்) உள்ளதிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் விலகினால் சாம்பிளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.
விற்பனை: ஆளைக் கவிழ்ப்பது தள்ளுபடி அல்ல, கடன் நாள். லிட்டர் 90 ரூபாய், லாபம் 1 ரூபாய், கடன் 45 நாள் என்று வையுங்கள். ஆண்டுக்கு 12% வட்டியே 1.33 ரூபாய் தின்றுவிடும்!

விதி
டிப்போ: எல்லாம் எழுதியே வைத்திருப்பார்கள்.
விற்பனை: ஓரிடத்தில் 2,500 லிட்டருக்கு மேல் டீசல் வைக்க உரிமம் வேண்டும். கேட்காமல் ஆர்டர் பிடித்தால் லோடு வாசலில் நிற்கும்.

ஷிப்ட் ஒத்துவருபவர், இன்ஜினியரிங் படித்தவர் டிப்போவில் தொடங்கலாம். பேச்சும் வசூலும் கைவந்தவருக்கு விற்பனை. இரண்டு வருடம் டிப்போ பார்த்துவிட்டு விற்பனைக்குப் போவது என் கணக்கில் இன்னும் நல்லது.