மறையும் பெருக்கல் குறியா, பியூரெட்டில் சேரும் வாயுவா? வினைவேகம் அளக்க எது தேவலை

பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதிவினை வேகவியல் நடத்துபவர் எவருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும். செறிவு கூடினால் வேகம் கூடும், சூடேற்றினால் கூடும், பொடித்துப் போட்டால் கூடும், வினையூக்கி சேர்த்தால் கூடும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடலாம். பிள்ளைகளும் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொள்வார்கள். 'எவ்வளவு சார் கூடும்?' என்று ஒருவர் கேட்டுவிட்டால் அளந்து காட்டத்தான் வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் இதற்கென்று ஒரு தட்டை ஒதுக்கி, ஒரே முறைக்கான சாமான்களை அதில் நிரந்தரமாக வைத்துவிடுவது என்று இந்த ஆண்டு முடிவெடுத்தோம். போட்டியில் இருந்தவை நான்கு: தயோசல்பேட்டில் பெருக்கல் குறி மறைவது, அயோடின் கடிகார வினை, தராசில் எடை குறைவது, ஹைட்ரஜன் பெராக்சைடிலிருந்து வரும் ஆக்சிஜனை நீருக்கு மேல் சேகரித்து அளப்பது. நான் கடைசி முறையின் பக்கம் சாய்ந்தேன். ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

பெருக்கல் குறி முறை தெரியாதவர் இருக்க மாட்டார். வெள்ளைத்தாளில் ஒரு குறி போட்டு, அதன்மேல் கூம்புக் குடுவையில் சோடியம் தயோசல்பேட் கரைசலை வைத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றி, ஸ்டாப்வாட்சை அமுக்க வேண்டியதுதான். கந்தகம் நுண்துகளாகப் பிரிந்து கரைசல் பால் போலக் கலங்கும், கீழே உள்ள குறி மறையும். சி.பி.எஸ்.இ. செய்முறைப் பட்டியலில் இடம்பெற்றதும் இதுதான். செலவு குறைவு, கடைசி பெஞ்சு வரை தெரியும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். குறைகளும் எல்லோருக்கும் தெரிந்தவையே. குறி மறைந்ததா இல்லையா என்பதில் இரண்டு பேர் கண் ஒத்துப்போகாது. குடுவையை மாற்றினால் கரைசலின் ஆழம் மாறும், நேரமும் மாறும். கந்தக டைஆக்சைடு நெடி அடிக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் ஜன்னலோரம் உட்கார வைக்க வேண்டும். குடுவையை உடனே கழுவாவிட்டால் கந்தகம் படலமாக ஒட்டிக்கொண்டு, பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது.

இவற்றை எல்லாம் சமாளித்துவிடலாம். என்னால் சமாளிக்க முடியாத குறை வேறொன்று: ஒரு முறை செய்தால் ஒரே ஓர் எண்தான் கிடைக்கும். இத்தனை வினாடியில் குறி மறைந்தது, அவ்வளவுதான். அதைத் தலைகீழாக்கி 1/t என்று எழுதி, 'இதுதான் வேகம்' என்கிறோம். உண்மையில் அது, குறியை மறைக்கத் தேவையான ஒரு குறிப்பிட்ட அளவு கந்தகம் உருவாகும் வரைக்குமான சராசரி. வினை முதலில் வேகமாக ஓடிப் போகப்போகத் தளர்கிறது என்பதுதான் பாடத்தின் மையம். அது இந்த முறையில் கண்ணில் படவே படாது. மேட்ச் முடிந்தபின் மொத்த ஸ்கோரை மட்டும் கேட்டுக்கொண்டு, எந்த ஓவரில் ரன் வந்தது, எங்கே தடுமாறினார்கள் என்று பேச முடியாது அல்லவா?

கடிகார வினைக்கும் இதே கதைதான், ஆனால் அது கொஞ்சம் நாகரிகமானது. பெராக்சைடு, அயோடைடை ஆக்சிஜனேற்றம் செய்து அயோடினாக மாற்றும். உடன் போட்டிருக்கும் சிறிதளவு தயோசல்பேட், அந்த அயோடினை உடனுக்குடன் மீண்டும் அயோடைடாக்கிவிடும். தயோசல்பேட் தீர்ந்த கணத்தில் ஸ்டார்ச் சட்டென்று கருநீலமாகும். கண்ணில் சண்டை இல்லை. வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில் 'ஓ' போடும். தயோசல்பேட்டைக் குறைவாக வைத்தால் கிடைப்பது தொடக்க வேகத்துக்கு மிக நெருக்கமான மதிப்பு. ஒவ்வொரு வினைபடுபொருளையும் தனித்தனியாக மாற்றி, அதைப் பொறுத்த வினை வகையை, அதாவது அதன் செறிவின் எத்தனையாவது அடுக்குக்கு ஏற்ப வேகம் மாறுகிறது என்பதை, கண்டுபிடிக்க இதைவிடச் சுத்தமான பள்ளி முறை இல்லை என்றே சொல்வேன். பராமரிப்புதான் கஷ்டம். நான்கைந்து கரைசல்கள் தயாராக இருக்க வேண்டும். ஸ்டார்ச் கரைசல் சீக்கிரம் கெட்டுவிடும், அவ்வப்போது புதிதாகக் காய்ச்ச வேண்டும். பெராக்சைடின் வலு வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே போகும். போன வாரம் எடுத்த நேரத்தையும் இந்த வாரம் எடுத்த நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. இந்தக் கடைசிப் புள்ளிக்குப் பிறகு வருகிறேன்.

தராசு முறையில் வளைகோடு கிடைக்கும். சலவைக்கல் துண்டுகள்மேல் அமிலத்தை ஊற்றி, குடுவை வாயில் பஞ்சு செருகி, எடை இறங்குவதை அரை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளலாம். ஒரு மோலார் அமிலம் 50 மி.லி. எடுத்தால் மொத்தமாக வெளியேறும் கார்பன் டைஆக்சைடு 1.1 கிராம், 0.01 கிராம் காட்டும் எலக்ட்ரானிக் தராசுக்கு இது தாராளம். ஹைட்ரஜன் வரும் வினைக்கு இந்த முறை ஒத்துவராது, அந்த வாயுவுக்கு எடையே இல்லாத மாதிரிதான். பரப்பளவின் விளைவைக் காட்ட மட்டும் இதை அடித்துக்கொள்ள வேறு முறை கிடையாது: ஒரு செ.மீ. கனசதுரத்தின் பரப்பு 6 சதுர செ.மீ.; அதையே ஒரு மி.மீ. கனசதுரங்களாக நறுக்கினால் 60 ஆகிவிடும். துண்டையும் பொடியையும் அடுத்தடுத்துப் போட்டால் தராசு எண்கள் ஓடுகிற ஓட்டத்திலேயே வித்தியாசம் தெரியும். ஆனால் மின்விசிறி சுற்றினால் கடைசி எண் ஆடிக்கொண்டே இருக்கும். ஏப்ரல் மாத மதியத்தில் விசிறியை நிறுத்திவிட்டு நாற்பது பிள்ளைகளை ஒரு தராசைச் சுற்றி நிற்க வைத்துப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள். நான்கு குழுவுக்கு நான்கு தராசு வாங்கவும் எங்களுக்கு வழியில்லை.

சரி, பெராக்சைடுக்கு வருவோம்.

தேவையானவை: ஒரு கூம்புக் குடுவை, இறுக்கமான ரப்பர் அடைப்பான், சலைன் ஏற்றப் பயன்படுத்தும் மாதிரி மெல்லிய ட்யூப், ஒரு தண்ணீர்த் தொட்டி, 50 மி.லி. பியூரெட் (அளவுக் கோடுகளும் ஒரு முனையில் திறந்து மூடும் குழாயும் உள்ள நீண்ட கண்ணாடிக் குழல்). பியூரெட்டைத் தண்ணீர் நிரப்பித் தலைகீழாகக் கவிழ்த்துத் தாங்கியில் பிடிக்க வேண்டும். இப்போது குழாய் மேலே, 50 என்ற கோடு மேல்முனையில், 0 கீழே. 50-க்கும் குழாய்க்கும் நடுவே கோடுகளே இல்லாத ஒரு பகுதி இருக்கிறது. அதில் சேரும் வாயுவை அளக்க வழியில்லை. எனவே தொடங்கும் முன்பே குழாயை மெல்லத் திறந்து, நீர்மட்டத்தை 50-க்குச் சற்றுக் கீழே இறக்கி, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதை முதலில் செய்து காட்டிவிட்டால் மீதி எல்லாம் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

குடுவையில் ஒரு கிராம் பொட்டாசியம் அயோடைடை 36 மி.லி. நீரில் கரைத்து வைக்கலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் 20 வால்யூம் (தன் கன அளவைப்போல் 20 மடங்கு ஆக்சிஜன் தரும்) பெராக்சைடில் சம அளவு காய்ச்சி வடித்த நீர் சேர்த்தால் 10 வால்யூம், அதாவது சுமார் 3 சதவீதம். அதில் 4 மி.லி. போதும். நம்ம ஊர் 30 டிகிரியில், நீராவியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், வரவேண்டிய வாயு ஏறக்குறைய 46 மி.லி. பெராக்சைடை அடைப்பான் வழியாக ஊசியால் செலுத்துவது நல்லது. மூடியைத் திறந்து ஊற்றிவிட்டு மூடுவதற்குள் முதல் குமிழ்கள் போய்விடும். ஊசியால் 4 மி.லி. உள்ளே தள்ளினால் 4 மி.லி. காற்று பியூரெட்டுக்கு வந்து சேரும் என்பதை மறக்கக் கூடாது. அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். கரைசல் இலேசாக மஞ்சளடிக்கும். அது கொஞ்சம் அயோடின், கவலை வேண்டாம்.

இனி அரை நிமிடத்துக்கு ஒரு அளவு. நேரத்துக்கு எதிராகக் கன அளவை வரைந்தால், செங்குத்தாக எழும்பி மெல்லப் படுக்கிற அந்த வளைகோடு ஒரே ஓட்டத்தில் கிடைத்துவிடும். இங்கேதான் நான் விழுந்தேன். மொத்த வாயு 40 மி.லி. என்று வைத்துக்கொள்வோம். 20 சேர எடுத்த நேரம் எவ்வளவோ, அதே நேரம்தான் 20-லிருந்து 30-க்கும் ஆகும். 30-லிருந்து 35-க்கும் அதேதான். முதல் வகை வினையின் (மிச்சம் உள்ள செறிவுக்கு நேர்விகிதமாக வேகம் அமையும் வினையின்) அரைவாழ் காலம், அதாவது மிச்சத்தில் பாதி தீர ஆகும் நேரம், மாறாது என்பதை மாணவர் ஸ்கேல் வைத்துத் தன் வரைபடத்திலேயே அளந்துவிடுகிறார். புத்தகத்தில் மனப்பாடம் செய்கிற அந்த V∞ வாய்பாடு (V∞ என்பது வினை முழுதும் முடிந்தபின் சேர்ந்திருக்கும் மொத்த வாயு), நாம் அளந்த எண்களை வைத்துப் போட்டால் ஒவ்வொரு வரியிலும் ஏறக்குறைய ஒரே வினைவேக மாறிலியைத் தருகிறது. மருந்துக்கடை பெராக்சைடில் இது நடப்பதைப் பார்த்தால் எனக்கே இன்னும் சந்தோஷமாக இருக்கிறது.

அடுத்த ஓட்டத்தில் அயோடைடை இரட்டிப்பாக்குங்கள். வளைகோடு செங்குத்தாகும், அரைவாழ் காலம் பாதியாகும், ஆனால் முடிவில் வந்து நிற்பது அதே உயரத்தில். வினையூக்கி வேகத்தை மாற்றும், விளைபொருளின் அளவை மாற்றாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. பிறகு அயோடைடைப் பழைய அளவுக்கே கொண்டுவந்து பெராக்சைடைப் பாதியாக்குங்கள் (குறைகிற 2 மி.லி.க்கு நீர் சேர்த்து). தொடக்கச் சரிவு பாதியாகும், மொத்த வாயு பாதியாகும், அரைவாழ் காலம் மட்டும் அசையாது. செறிவு என்ற காரணியும் வினையூக்கி என்ற காரணியும் இரண்டுமே 'வேகத்தைக் கூட்டும்' என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். இரண்டும் வேகத்தைக் கூட்டும் விதம் வேறு வேறு. குறி மறைகிற நேரத்தை மட்டும் எடுத்தால் இரண்டுமே 'சீக்கிரம் மறைந்தது' என்றுதான் தெரியும். வளைகோட்டில் பிரித்துப் பார்க்கலாம். என் தேர்வு இந்த ஓர் இடத்தில்தான் தீர்மானமானது.

இந்தத் துறையே இப்படி ஒரே ஓட்டத்தைத் தொடர்ந்து பார்த்ததில்தான் தொடங்கியது. 1850-இல் ஜெர்மானியரான லுட்விக் வில்ஹெல்மி, அமிலத்தில் சர்க்கரை உடைவதைத் துருவமானியில் (கரைசல் வழியே போகும் ஒளியின் தளம் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் கருவியில்) பார்த்தார். ஒளியின் தளம் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் திரும்பத் திரும்ப, கரைசலைத் தொடாமலே எவ்வளவு சர்க்கரை மிச்சம் என்று அவரால் சொல்ல முடிந்தது. மிச்சம் இருப்பதற்கு ஏற்பவே வேகம் என்று சமன்பாடு எழுதியவரும் அவரே. அர்ஹீனியஸ் வெப்பநிலைக்கான சமன்பாட்டைத் தருவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் முன்னால்.

பெராக்சைடு முறையிலும் தொல்லைகள் உண்டு. முதல் தொல்லை குலுக்கல். ஆக்சிஜன் கரைசலுக்குள்ளேயே தங்கிக்கொண்டு தாமதமாக வெளிவரும். குலுக்காமல் வைத்தால் வளைகோட்டின் தொடக்கம் தொய்ந்து எஸ் மாதிரி வளையும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராகக் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்க ஒரு பிள்ளையை நியமிக்க வேண்டும். காந்தக் கலக்கி இருந்தால் யோகம். இரண்டாவது, வினை வெப்பத்தை வெளிவிடும். மேலே சொன்ன அளவில் எல்லா வெப்பமும் கரைசலிலேயே தங்கினால் 2 டிகிரி வரை ஏறலாம். குடுவையை ஒரு தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்தினால் அடங்கும். மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. பியூரெட்டில் நிற்கும் நீர்த்தம்பம் உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தத்தைக் குறைக்கிறது. அரை மீட்டர் தம்பம் என்றால் கிட்டத்தட்ட 5 சதவீதம், அதனால் தொடக்க அளவுகள் அந்த அளவுக்குக் கூடுதலாகக் காட்டும். 100 மி.லி. அளவுஜாடி குட்டை என்பதால் இந்தப் பிழை குறையும், ஆனால் அதில் கோடுகள் அவ்வளவு நுணுக்கமாக இருக்காது. வகுப்புக்குப் பியூரெட்டே போதும் என்பது என் கட்சி.

கண்ணாடி வாயு சிரிஞ்ச் வாங்கலாமே என்பார்கள். ஈரம் பட்டால் பிஸ்டன் சிக்கும், கீழே போட்டால் போச்சு. பிளாஸ்டிக் ஊசிக் குழலோ விட்டு விட்டு நகரும், வரைபடம் படிக்கட்டாகிவிடும்.

வெப்பநிலையின் விளைவுக்கு மட்டும் நான் இன்னும் பெருக்கல் குறியைத்தான் நம்புகிறேன். கரைசலைச் சூடாக்கினால் குடுவையிலுள்ள காற்றும் விரியும், நீராவியும் கூடும். வாயு அளவு குழம்பிவிடும். தயோசல்பேட்டில் அந்தத் தலைவலி இல்லை. 30, 40, 50 டிகிரியில் நேரம் எடுத்து, 1/t-யின் மடக்கையை 1/T-க்கு (T என்பது கெல்வினில் வெப்பநிலை) எதிராக வரைந்தால் கிளர்வு ஆற்றலே, அதாவது வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடையே, கிடைக்கும். '10 டிகிரிக்கு வேகம் இரட்டிக்கும்' என்பது சட்டமல்ல என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். 25-லிருந்து 35 டிகிரிக்குச் சரியாக இரட்டிக்க வேண்டுமானால் கிளர்வு ஆற்றல் ஒரு மோலுக்கு சுமார் 53 கிலோ ஜூல் இருக்க வேண்டும். எல்லா வினைக்கும் அப்படி அமையாது.

கலரிமீட்டர் (கரைசல் எவ்வளவு ஒளியை விடுகிறது என்று அளக்கும் கருவி), செல்போனின் ஒளி உணரி என்று புதிய வழிகளும் இருக்கின்றன. குறி மறைவதைக் கண்ணுக்குப் பதில் போன் பார்த்தால் அங்கேயும் வளைகோடு கிடைக்கும். நான் அதைச் செயல்விளக்கமாகப் பார்த்திருக்கிறேனே தவிர, வகுப்பில் வைத்து ஓட்டியதில்லை; அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

முன்பு விட்டுவைத்த புள்ளி, பெராக்சைடின் வலு. பாட்டில் பழசாகப் பழசாகச் செறிவு இறங்கும், அதைத் தடுக்க முடியாது. குளிர்ச்சியான இருட்டு அலமாரியில், பாட்டிலின் சொந்த மூடியோடு வைக்கலாம். வேறு இறுக்கமான மூடி போட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். கடிகார வினையில் இந்தச் சரிவு ஒவ்வொரு எண்ணையும் பாதிக்கும். வாயு முறையில் அப்படி இல்லை. கடைசி அளவு எடுத்ததும் குடுவையைச் சுடுநீரில் வைத்து வினையை முடித்து, பழைய வெப்பநிலைக்கு ஆறவிட்டு V∞-ஐப் படித்துவிடுகிறோம். பாட்டில் அன்று எவ்வளவு வலுவாக இருந்தது என்பதையும் அந்த ஓட்டமே சொல்லிவிடுகிறது. வலு குறைந்திருந்தால் வளைகோடு குட்டையாக நிற்கும், அரைவாழ் காலம் போன வாரத்துடையதாகவே இருக்கும். ஜூனில் வாங்கிய பாட்டிலை வைத்து டிசம்பரிலும் பாடம் நடத்தலாம்.