காலிப்பர் பின் கிட்: ரப்பரை நம்பலாம், பாக்கெட் கிரீஸை நம்ப வேண்டாம்

பழைய ஆல்டோ, வேகன்ஆர், சான்ட்ரோ மாதிரி வண்டிகளுக்கு மதுரை ஸ்பேர் கடைகளில் காலிப்பர் (டிஸ்க் பிரேக்கில் பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) பின் கிட் கேட்டால் ஒரு சின்ன பாலிதீன் பை கைக்கு வரும். காலிப்பர் நகர உதவும் இரண்டு ஸ்லைடு பின், அவற்றைப் புழுதியிலிருந்து மூடும் இரண்டு ரப்பர் பூட், சில கிட்டில் ஒரு பின்னின் நுனிக்கு ரப்பர் புஷ், கூடவே விரல் நுனி அளவு கிரீஸ் பாக்கெட். ஜாம் ஆன பின்னைச் சரிசெய்ய இதில் எது உதவும், எதைத் தூக்கிப் போட வேண்டும் என்று பிரித்துச் சொல்கிறோம்.

கிட் வாங்கும் முன் கோளாறு பின்னில்தானா என்று உறுதி செய்யுங்கள். இந்தக் காலிப்பர்களில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் உண்டு. அது உள் பேடை டிஸ்க்கில் அழுத்தியதும் காலிப்பர் மொத்தமும் பின்களின் மேல் நகர்ந்து வெளிப் பேடை இழுத்துக் கொண்டு வர வேண்டும். பின் நகராவிட்டால் வேலை முழுக்க உள் பேடின் தலையில் விழும். உள் பேடு 3 மில்லிக்குத் தேய்ந்து, வெளிப் பேடு 8 மில்லி இருந்தால் பின்னைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரே பேடு ஒரு முனையில் கூடுதலாகத் தேய்ந்து சரிவாக நின்றால், இரண்டில் ஒரு பின் மட்டும் பிடித்திருக்க வாய்ப்பு அதிகம்.

சக்கரம் சூடாகிறது என்பதை மட்டும் வைத்து கிட் வாங்கினால் காசு வீணாகலாம். ஜாக்கி போட்டு, பெடலை மிதித்து விட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் காலிப்பரில் பிரேக் ஆயிலை வெளியேற்றும் பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். உடனே ஃப்ரீ ஆனால் ஆயில் அழுத்தம் திரும்பாமல் நிற்கிறது, பிரேக் ஹோஸ் உள்ளுக்குள் அடைத்திருக்கலாம். அப்போதும் இறுக்கம் போகாவிட்டால்தான் பின் அல்லது பிஸ்டன்.

இங்கே பின் கெடுவதற்கு முக்கியக் காரணம் பூட் கிழிவது. வெயிலில் வெடித்த பூட் வழியாகப் புழுதி உள்ளே போய் கிரீஸோடு சேர்ந்து களிமண் மாதிரி இறுகிவிடும். போர்வெல் உப்புத் தண்ணீரைப் பிரஷர் போட்டுச் சக்கரத்துக்குள் அடிப்பதும், ஐப்பசி மழையில் ஓடிவிட்டு வண்டியை மாதக் கணக்கில் நிறுத்தி வைப்பதும் துருவைக் கொண்டு வரும். சமதரையில் ஓடும் வரை பெரிதாகத் தெரியாது. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளிலோ, கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு இறக்கத்திலோதான் தீய்ந்த வாடையும் ஒரு பக்க இழுப்பும் வெளியே வரும்.

கிட்டில் காசுக்கு மதிப்பானவை பூட்டும் புஷ்ஷும். நல்ல பூட்டின் இரண்டு உதடுகளும் பள்ளத்தில் சுருக்கம் இல்லாமல் உட்கார வேண்டும். விரலால் சுற்றினால் கழன்று வரக் கூடாது. விலை குறைந்த லோக்கல் கிட்டுகள் தோற்பது இங்கேதான். உதடு மெல்லிசாக இருக்கும், இழுத்துவிட்டால் பழைய வடிவத்துக்கு முழுசாகத் திரும்பாது. பின்னைக் கண்ணாடித் தகட்டில் உருட்டிப் பாருங்கள். நொண்டினால் வளைவு இருக்கிறது. முலாம் திட்டுத் திட்டாக இருந்தாலும் வாங்காதீர்கள். பழைய பின்னில் குழி விழாமல் வெறும் கறை மட்டும் என்றால் துடைத்து அதையே போடலாம். எமரி பேப்பரால் தேய்த்தால் முலாம் போய்விடும், அடுத்த மழைக்கே துரு.

இனி அந்த கிரீஸ் பாக்கெட். மேலே சிலிக்கான் என்றோ, பிரேக் ரப்பருக்கு ஏற்றது என்றோ அச்சிடவில்லை என்றால் குப்பையில் போடுங்கள். பிரேக் ரப்பர் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் வகை; பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பும். சேஸிஸ் கிரீஸ் தடவிய புஷ்ஷை ஆறு மாதம் கழித்து உருவினால் ஊறப்போட்ட பயறு மாதிரி கொழுத்துத் துளையை அடைத்துக் கொண்டிருக்கும். புதுசாகக் கிட் போட்ட பிறகும் பின் ஜாம் ஆவது பெரும்பாலும் இதனால்தான். பட்டறையில் கிரீஸ் டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், எடுத்துத் தடவிவிடுவார்கள். சிலிக்கான் பிரேக் கிரீஸ் ட்யூபை நீங்களே வாங்கிக் கொண்டு போங்கள். செம்பு கலந்த கிரீஸ் பேடின் முதுகுக்கு மட்டும், பின்னுக்கு ஆகாது.

மாட்டும் முறை: இரண்டு போல்ட்டையும் கழற்றிக் காலிப்பரைத் தூக்கிக் கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டுங்கள், ஹோஸில் தொங்க விடாதீர்கள். எந்தப் பின் மேலே, எது கீழே என்று போட்டோ எடுத்துக் கொள்ளுங்கள். புஷ் உள்ள பின்னும் வெறும் பின்னும் இடம் மாறக் கூடாது. பிடித்த பின்னை நேராக இழுக்க வேண்டாம். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் ஊறவிட்டு, ஸ்பானரால் முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி, சுழலத் தொடங்கிய பிறகு உருவுங்கள். அசையவே இல்லையா, பின் நுழையும் துளை உள்ள பிராக்கெட்டைத் தனியாகக் கழற்றி, ரப்பரை எடுத்துவிட்டு, வைஸில் பிடித்துச் சூடு காட்டுங்கள். துளைக்குள் டிரில் விடக் கூடாது. உருண்டை பிரஷ்ஷும் பிரேக் கிளீனரும் போதும். துரு எண்ணெயின் பிசுக்கு ஒரு துளிகூட மிஞ்சக் கூடாது, அதுவும் பெட்ரோலியம்தான்.

கிரீஸ் ஒரு பின்னுக்குக் கொண்டைக்கடலை அளவு. மெல்லிய படலமாகத் தடவுங்கள். துளையை நிரப்பினால் அடியில் சிக்கிய காற்றும் கிரீஸும் பின்னை வெளியே தள்ளும், காலிப்பர் திரும்பவும் இறுகும். பின்னை உள்ளே தள்ளும்போது பூட் உதட்டை லேசாகத் தூக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். சரியாக உட்கார்ந்த ஸ்லைடு பின் ஒரு விரல் அழுத்தத்துக்கு வழுக்கிப் போகும், கையை எடுத்தால் துள்ளாது. போல்ட்டை உங்கள் வண்டி மேனுவலில் உள்ள டார்க்குக்கே (முறுக்கு விசை அளவு) முறுக்குங்கள். வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள்.

கடைக்குப் போகும்போது வண்டிப் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரே மாடலில் வேறு வேறு தயாரிப்பாளர்களின் காலிப்பர் வந்திருக்கலாம். காலிப்பர் உடம்பில் வார்த்திருக்கும் குறியைப் படம் எடுத்து, கழற்றிய பின்னையும் கையோடு கொண்டு போய், நீளமும் தடிமனும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.