‘கேப்’: மலையில் ஒன்று, மனிதருக்குள் ஒன்று
கொழிஞ்சாம்பாறைக்காரர்களான எங்களுக்கு ‘கேப்’ (gap) என்ற ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருள் கண்ணெதிரிலேயே கிடக்கிறது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடரே விட்டுப்போன பாலக்காட்டுக் கணவாய். ஜூன் பிறந்தால் தென்மேற்குக் காற்று அதன் வழியாகத்தான் புகுந்து, உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்த மூலமான பழைய நார்ஸ் என்ற ஸ்காண்டிநேவிய மொழியிலும் இதற்குப் பெரும்பிளவு என்றுதான் பொருள்.

சரி, உருவகப் பொருள்? ஜெனரேஷன் கேப், கம்யூனிகேஷன் கேப். இங்கே எதுவும் புகுந்து போகாது, பேச்சு உட்பட. மலையில் கேப் இருந்தால் வழி உண்டு, அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் கேப் இருந்தால் வழி அடைபட்டுவிட்டது, ஒரே சொல்தான், எனக்கு இது இன்னும் வேடிக்கைதான்.

அப்புறம், ‘கிடைத்த கேப்பில் கிடா வெட்டுவது’ முழுக்க நம்ம சரக்கு. ஆங்கில அகராதியில் தேட வேண்டாம்.