பின்சுவரா, பக்கச்சுவரா? சுவரை ஒட்டிய சோபாவும் சரவுண்ட் ஸ்பீக்கர்களும்

சென்னையில் ஹோம் தியேட்டர் வாங்கும் பலருக்கு அதற்கென்று ஒரு தனி அறை வாய்ப்பதில்லை. ஹாலின் ஒரு சுவரில் டிவி, எதிர்ச்சுவரோடு முதுகு ஒட்டிய மூவர் சோபா, ஒரு பக்கம் பால்கனிக் கதவு, தலைக்கு மேல் மின்விசிறி என்பதுதான் நம் அடுக்குமாடி வீடுகளின் வழக்கமான அமைப்பு. ஸ்பீக்கரோடு வரும் கையேட்டுப் படமோ நாற்காலியை அறையின் நடுவில் போட்டு, அதன் பின்னால் தாராளமாக இடம் விட்டிருக்கும். அந்தப் படத்துக்கும் நம் ஹாலுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை யாரும் விளக்குவதில்லை. அதனால் 5.1 அமைப்பின் (முன்னால் மூன்று ஸ்பீக்கர், சூழல் ஒலிக்கு இரண்டு, தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர்) இரண்டு சரவுண்ட் ஸ்பீக்கர்களையும் எங்கே மாட்டுவது, எந்தப் பக்கம் திருப்புவது என்ற முடிவு, துளையிட வரும் ஆளின் வசதிக்கு விடப்படுகிறது. அவர் ஏணியைப் பின்சுவரில் சாய்க்கிறார். முன் ஸ்பீக்கர்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள்கூட இதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. ஏனெனில் ஒரு பைசாக்கூடச் செலவில்லாமல் ஒலி மாறுவது இந்த இடத்தில்தான்.

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, கேட்பவரின் நேர் முன்பக்கத்தைச் சுழியம் என்று கொண்டால், இடது வலது முன் ஸ்பீக்கர்கள் 30 டிகிரியிலும், சரவுண்ட் ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 டிகிரிக்குள்ளும் இருக்க வேண்டும். ஒலித் தொழில்நுட்ப நிறுவனமான டால்பியின் 5.1 வழிகாட்டுதலும் 110 முதல் 120 டிகிரி என்றே சொல்கிறது. 90 டிகிரி என்பது காதுக்கு நேர் பக்கம். ஆகவே இரண்டு பரிந்துரைகளும் ஒலியைப் பக்கத்திலிருந்து சற்றே பின்தள்ளி வரச் சொல்கின்றனவே தவிர, முதுகுக்குப் பின்னாலிருந்து வரச் சொல்லவில்லை. இதற்குக் காரணம் நம் காதுகளின் அமைப்பு. பக்கவாட்டில் வரும் ஒலி இரு காதுகளையும் வெவ்வேறு நேரத்திலும் வெவ்வேறு அளவிலும் எட்டுவதால் சூழ்ந்திருக்கும் உணர்வு பிறக்கிறது. நேர் பின்னால் வரும் ஒலி இரு காதுகளையும் ஒரே மாதிரி எட்டுவதால், அது முன்னாலிருந்து வருகிறதா பின்னாலிருந்து வருகிறதா என்றே மூளை சில வேளைகளில் குழம்புகிறது.

நங்கநல்லூரில் எங்கள் ஹாலின் அளவையே எடுத்துக்கொள்கிறேன். அகலம் 11 அடி. ஏழடி சோபா நடுவில் இருக்கிறது. உட்காருபவர்களின் தலைகள் இடது சுவரிலிருந்து மூன்று, ஐந்தரை, எட்டு அடித் தொலைவில் வருகின்றன. பின்சுவருக்கும் தலைக்கும் இடையே ஒன்றரை அடிதான். பக்கச்சுவரில் 110 டிகிரி வேண்டுமென்றால் நடுவில் இருப்பவரின் காதுக்கு இரண்டடி பின்னால் ஸ்பீக்கர் வர வேண்டும். சுவரே ஒன்றரை அடியில் முடிந்துவிடுகிறது. சோபாவை அரை அடியாவது முன்னே இழுத்தால் கணக்கு பொருந்தும். ஆனால் அதற்குப் பின் பால்கனிக்குப் போகும் வழி அடைபட்டுவிடும். இந்த நெருக்கடிக்குள்தான் நாம் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் எங்கள் வீட்டில் மாட்டப்பட்டது பின்சுவரில்தான். சோபாவுக்கு நேர் மேலே, நடுவிலிருந்து இருபுறமும் மும்மூன்று அடி தள்ளி, லாஃப்டுக்குக் கீழே, இரண்டும் டிவியை நேராகப் பார்த்தபடி இருந்தன. காகிதத்தில் இதில் பிழை காண்பது கடினம். நடுவில் உட்கார்ந்தவருக்குக் கோணம் சுமார் 117 டிகிரி என்று வருகிறது, பரிந்துரைக்கு உட்பட்டதுதான். ஆனால் சோபாவின் இடது முனையில் உட்காரும் என் அப்பாவுக்கு அதே இடது ஸ்பீக்கர் 160 டிகிரியையும் தாண்டிப் பிடரிக்குப் பின்னால் போய்விட்டது. மழைக்காட்சி ஒன்றில் நாங்கள் எல்லோரும் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் திரும்பிப் பார்த்து, "யாரோ பின்னால சுவத்துல தண்ணி ஊத்துறாப்ல இருக்கு" என்றார். அவர் சொன்னது துல்லியமான விமர்சனம்.

இதைவிடப் பெரிய குறை உயரத்திலும் திசையிலும் இருந்தது. ஸ்பீக்கர் தலைக்கு மேலே வெகு உயரத்தில் இருந்து நேராக முன்னே பார்த்தால், அதன் அச்சு, அதாவது முகப்பிலிருந்து நேராகப் புறப்படும் கோடு, எல்லோர் தலையையும் தாண்டிப் போகிறது. கூர்மையான ஒலியைத் தரும் சிறிய ட்வீட்டரின் உயர் அலைவரிசை ஒலி அச்சை விட்டு விலக விலகக் குறையும். அதோடு, தாழ்ந்த ஒலியைத் தரும் வூஃபரும் ட்வீட்டரும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த ஸ்பீக்கரில், செங்குத்தாக மிகவும் விலகிக் கேட்டால் இரண்டும் சந்திக்கும் அலைவரிசையில் ஒலி ஒன்றையொன்று விழுங்கவும் செய்யும். அதனால் நேரடி ஒலி மங்கிப்போய், எதிரே டிவி சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி மேலோங்குகிறது. பின்னால் கேட்க வேண்டியதன் கூர்மை முன்னாலிருந்து வந்தது. வழவழப்பான டைல்ஸ் தரை அதை இன்னும் கூட்டிற்று. கூரையை ஒட்டி மாட்டுபவர்கள் மின்விசிறியையும் கணக்கில் கொள்ள வேண்டும். சுழலும் இறக்கைகளின் ஊடே வரும் ஒலி, விசிறியின் முன்னால் பேசும் குழந்தையின் குரல்போல நடுங்கும்.

அடுத்ததாகப் பக்கச்சுவரை முயன்றோம். துளையிடுவதற்கு முன்னால் இரண்டு மடக்கு ஏணிகளைச் சோபாவின் இருபுறமும் நிறுத்தி, ஸ்பீக்கர்களைப் பழைய வேட்டித் துணியால் கட்டி, ஒரு வாரம் அப்படியே வைத்துக் கேட்டோம். யாருக்கும் இதையே பரிந்துரைப்பேன், ஏனெனில் சுவரில் போட்ட துளையை நகர்த்த முடியாது. காதின் உயரம் உட்கார்ந்த நிலையில் ஏறத்தாழ மூன்றேகால் அடி. ஸ்பீக்கரை ஐந்தே முக்கால் அடியில், தலைகளின் வரிசைக்கு ஓரடி பின்தள்ளி வைத்தோம். நடுவிலிருப்பவருக்கு 100 டிகிரி. மழை சுவரை விட்டுவிட்டு ஹால் முழுவதும் பெய்யத் தொடங்கியது.

பக்கச்சுவருக்கும் ஒரு பலவீனம் உண்டு, அது முனை இருக்கைகள். இடது ஸ்பீக்கரைக் காது உயரத்திலேயே வைத்தால் இடது முனைக்கு மூன்றடி, வலது முனைக்கு எட்டடி. சுவர்களின் எதிரொலியை விட்டுவிட்டுப் பார்த்தால், இந்தத் தொலைவு வேறுபாடே எட்டரை டெசிபலுக்கு ஒலி வேறுபாட்டைத் தரும். இரண்டரை அடி உயர்த்தியதும் நேர்த்தொலைவுகள் ஏறத்தாழ நான்கடியும் எட்டரை அடியும் ஆகி, வேறுபாடு ஆறரை டெசிபலுக்கு இறங்குகிறது. இன்னும் உயர்த்தினால் இன்னும் குறையும், ஆனால் அப்போது ஒலி பக்கத்திலிருந்து வராமல் மேலிருந்து வரும். காதுக்கு மேலே இரண்டு முதல் இரண்டரை அடி என்பதை நான் எல்லையாகக் கொள்வேன்.

மீதி வேறுபாட்டைத் திருப்பும் கோணத்தால் குறைக்கலாம். இங்கே மூன்று வழிகள் போட்டியிடுகின்றன. நேராக எதிர்ப் பக்கச்சுவரைப் பார்க்க விடுவது ஒன்று. ஒலி தலைகளுக்கு மேலே கடந்து போகும். சூழல் ஒலி பரவலாக இருக்கும், கூர்மை குறையும். நடு இருக்கையைக் குறிவைப்பது இரண்டாவது. தனியாகப் பார்ப்பவருக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. குடும்பமாகப் பார்க்கும் வீட்டுக்கு நான் மூன்றாவதையே சொல்வேன்: இடது ஸ்பீக்கர் வலது முனையில் இருப்பவரையும், வலது ஸ்பீக்கர் இடது முனையில் இருப்பவரையும் பார்க்க வேண்டும். தொலைவில் இருப்பவரை நோக்கிய சாய்வு 17 டிகிரிதான். அருகில் இருப்பவரோ 40 டிகிரி கீழே இருக்கிறார். எனவே அவர் அச்சிலிருந்து 20 டிகிரிக்கு மேல் விலகி, தனக்கு மிக அருகிலுள்ள ஸ்பீக்கரின் கூர்மையைச் சற்றுக் குறைவாகவும், எதிர்ப்பக்க ஸ்பீக்கரின் கூர்மையை முழுமையாகவும் பெறுகிறார். தொலைவால் இழந்தது திசையால் ஓரளவு ஈடாகிறது. ஓரளவு என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் அருகிலுள்ள ஒலி சுமார் நான்கு மில்லி விநாடி முன்னதாக வந்துவிடுவதை எந்தச் சாய்வும் மாற்றாது.

கோணத்தைச் சரிபார்க்க ஒரு சிறு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். என் மனைவி குங்குமச் சிமிழ் மூடியில் இருந்த கண்ணாடியை இடது ஸ்பீக்கரின் முகப்பில் இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டினாள். வலது முனையில் நான் உட்கார்ந்து, கண்ணாடியில் என் கண்ணே எனக்குத் தெரியும்வரை பிராக்கெட்டைத் திருப்பச் சொன்னேன். தெரிந்த கணத்தில் அச்சு என்மேல் விழுந்துவிட்டது என்று பொருள். விலை மலிவான பிராக்கெட்டுகள் சில மாதங்களில் எடை தாங்காமல் தலை கவிழும். ஆண்டுக்கு இருமுறை இந்தச் சோதனையைச் செய்து திருகை இறுக்குவது நல்லது.

ஸ்டாண்டில் நிறுத்துவது மூன்றாவது மாற்று. ஒலி நோக்கில் இதற்குத்தான் சுதந்திரம் அதிகம். கோணத்தையும் உயரத்தையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், வாடகை வீட்டில் சுவரைத் தொடவே வேண்டாம். ஆனால் தினமும் தரை துடைக்கும் வீட்டில், ஓடியாடும் குழந்தை இருக்கும் வீட்டில், ஒல்லியான தூணின் உச்சியில் எடையை வைப்பது எனக்கு உவப்பானதாக இல்லை. அடிப்பாகம் கனமாக இருந்தால் மட்டுமே இதை எண்ணிப் பார்க்கலாம்.

சுவரில் துளையிடுபவர்கள், ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் உள்ள பகுதியைத் தவிர்க்க வேண்டும். மின்கம்பிக் குழாய் அங்கேதான் ஓடும். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் வெளியே தெரியும் செம்புக் கம்பி முனை பச்சைக் களிம்பு பிடிக்கும் என்பதால், முனைகளை அவ்வப்போது நறுக்கிப் புதிதாகச் சீவி மாட்ட வேண்டும்.

ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டியான ரிசீவரோடு வரும் மைக்கை வைத்துத் தானாக அளவிடும் வசதி இந்த வேலையெல்லாம் தேவையில்லை என்று தோன்றச் செய்யும். அது தொலைவையும் ஒலி அளவையும் சரிசெய்யுமே தவிர, ஸ்பீக்கர் இருக்கும் திசையை மாற்றாது. மைக்கைச் சோபாவின் சாய்மானத்தில் வைக்காமல், நடு இருக்கையில் காது உயரத்தில் நிறுத்தி, விசிறியையும் ஏசியையும் அணைத்துவிட்டு அளவிட வேண்டும். பிறகு முனை இருக்கைகளில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, சரவுண்ட் அளவை ஓரிரு டெசிபல் குறைப்பது என் வழக்கம். "பின்னால சத்தமே வரல" என்று அதைக் கூட்டுகிறவர்கள் முனையில் இருப்பவரை நினைப்பதில்லை. மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸுக்காகக் கூரையிலும் ஸ்பீக்கர் வைப்பவர்கள், சரவுண்ட் ஸ்பீக்கர்களைக் காது உயரத்துக்கு அருகிலேயே இறக்க வேண்டும். இல்லையேல் மேல் ஒலிக்கும் பக்க ஒலிக்கும் வேறுபாடு தெரியாது.

இனி, பக்கச்சுவரே இல்லாத வீடு. வேளச்சேரியில் என் தங்கையின் ஹால் வலதுபுறம் சுவரின்றி டைனிங் பகுதியோடு கலந்துவிடுகிறது. இடதுபுறம் பக்கச்சுவரிலும் வலதுபுறம் பின்சுவரிலும் மாட்டலாம் என்று வந்த ஆள் சொன்னார். நான் மறுத்தேன், ஏனெனில் இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லாத சரவுண்ட், இரண்டும் பின்சுவரில் இருப்பதைவிட மோசம். அவள் வீட்டுப் பின்சுவர் டைனிங் வரை நீள்கிறது. ஆகவே இரண்டையும் பின்சுவரிலேயே, ஆனால் தலைகளுக்கு மேலே அல்லாமல், சோபாவின் கைப்பிடிகளைத் தாண்டி ஒன்றரை அடி வெளியே மாட்டினோம். நடுவிலிருந்து ஐந்தடி விலகல், 107 டிகிரிக்கு அருகில் கோணம். நீளமான கையுள்ள பிராக்கெட்டால் ஒவ்வொன்றையும் எதிர்முனை இருக்கையை நோக்கி உள்பக்கமாகத் திருப்பினோம். பின்சுவரில் குற்றமில்லை, பிடரிக்கு மேல் நேர்ப்பார்வையாக மாட்டியதில்தான் குற்றம் என்பது எனக்கு அங்கேதான் தெளிவாயிற்று. எங்கள் வீட்டிலிருந்து எடுத்துப்போன அதே சிமிழ்க் கண்ணாடியில், வலது முனையில் உட்கார்ந்திருந்த தங்கை மகள் தன் கண்ணைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கியதும் திருகை இறுக்கினோம்.