செகண்ட் ஹேண்டில் ரிக்கன்பேக்கர் பேஸ் வாங்குபவர்கள் கவனத்துக்கு

அமெரிக்க நிறுவனமான ரிக்கன்பேக்கரின் 4001 அல்லது 4003 மாடல் பேஸ் கிட்டாரைப் (தாழ்ந்த சுருதி கிட்டார்) பழையதாகத் தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். நட்டின் (தலைப்பக்கத்தில் கம்பிகள் படிந்திருக்கும் சின்னக் கட்டை) விளிம்பிலிருந்து 12ஆவது ஃப்ரெட் (விரல் வைக்கும் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) வரை நாடா வைத்து அளந்து பாருங்கள். அசலில் ஏறக்குறைய 422 மில்லிமீட்டர் வரும். 432 வந்தால் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். விற்பவர் என்ன கதை சொன்னாலும் அது ரிக்கன்பேக்கர் இல்லை.

எனக்கு விற்கப்பட்டது 432.

இந்த பேஸ்களின் ஸ்கேல், அதாவது கம்பி அதிரும் நீளம், 33¼ அங்குலம். சந்தையில் இருக்கும் மற்ற பேஸ்களில் பெரும்பாலானவை 34 அங்குலம். 12ஆவது ஃப்ரெட் சரியாகப் பாதியில் உட்காருவதால் பத்து மில்லிமீட்டர் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்துவிடும். காப்பிகளில் பல, உருவத்தை மட்டும் பார்த்துச் செய்துவிட்டு ஸ்கேலை 34ஆகவே விட்டுவிடுகின்றன. ஆனால் 422 வந்துவிட்டது என்பதாலேயே அசல் என்று முடிவு கட்டாதீர்கள். அக்கறையாகச் செய்த காப்பிகளில் ஸ்கேலும் சரியாகவே இருக்கும். இந்த அளவு போலியைக் காட்டிக்கொடுக்கும், அசலுக்குச் சான்றிதழ் கொடுக்காது.

என் தலையில் கட்டப்பட்டது "1978ஆம் வருட 4001". கறுப்பு நிறம், பாடியின் விளிம்பைச் சுற்றிச் சதுரங்கக் கட்டம் போட்ட பைண்டிங் (ஓரப்பட்டை), ஃப்ரெட்போர்டின் முழு அகலத்துக்கும் முக்கோண இன்லே (பதித்த அலங்காரம்). படத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். விற்றவர் பேச்சிலும் ஒரு குறை சொல்ல முடியாது. "பிரதர், சீரியல் நம்பரையே போட்டோ எடுத்து அனுப்பறேன், நீங்களே செக் பண்ணிக்கோங்க" என்றார். அனுப்பவும் செய்தார்.

செக் செய்தால் எண் சரியாகவே வந்தது. 1961 முதல் 1986 வரை ரிக்கன்பேக்கர் சீரியலில் முதல் எழுத்து வருடத்தையும் இரண்டாவது எழுத்து மாதத்தையும் குறிக்கும். ஏ என்றால் 1961, இசட் என்றால் 1986. ஆர், எஃப் என்று தொடங்கினால் 1978 ஜூன். இந்தக் கணக்கு ஊரறிந்தது. வாங்குபவனுக்குத் தெரிந்தது விற்பவனுக்குத் தெரியாமலா இருக்கும்? அதைவிட முக்கியம், அந்த எண் மரத்தில் இல்லை. கேபிள் செருகும் ஜாக் தகட்டில் பொறித்திருக்கும், அந்தத் தகடு திருகாணியில் நிற்கிறது. கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் எந்தக் கிட்டாருக்கும் விரும்பிய பிறந்த தேதியை மாட்டிவிடலாம்.

இதில் அவர் கோட்டை விட்ட இடமும் இருக்கிறது. கட்டம் போட்ட பைண்டிங், முழு அகல இன்லே இரண்டும் 4001இல் 1970களின் முற்பாதியோடு வழக்கொழிந்துவிட்டன. பழைய பாணியில் பின்னாளில் வந்த மறுபதிப்பு மாடல்களை விட்டுவிடுங்கள். 1978 எண்ணும் அந்த பைண்டிங்கும் சாதாரணமாக ஒரே கிட்டாரில் வராது. எண் சரியா என்று மட்டும் பார்க்கக் கூடாது. எண் சொல்லும் வருடத்தோடு உடம்பு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

குட்டு உடைந்தது செட்டப் செய்ய, அதாவது வாசிக்கத் தோதாகச் சரிசெய்ய, கொடுத்த இடத்தில். கிட்டார் வேலை பார்க்கும் பெரியவர், தலைப்பகுதியில் பெயர் எழுதியிருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றியதுமே என்னைக் கூப்பிட்டார். "இங்க ரெண்டு நட்டு இருக்கணும் தம்பி. ஒண்ணுதான் இருக்கு."

அந்த வெள்ளைத் தகடு வெறும் பெயர்ப்பலகை இல்லை, ட்ரஸ் ராட் மூடியும் அதுதான். ட்ரஸ் ராட் என்பது நெக்கின் (கழுத்துப் பகுதியின்) வளைவைச் சரிசெய்ய உள்ளே வைத்த உலோகக் கம்பி. 4001 காலத்து அசலில் நெக்குக்குள் இரண்டு ட்ரஸ் ராட் இருக்கும், ஆகவே மூடிக்குக் கீழே அவற்றை முறுக்கும் இரண்டு நட்டுகள் தெரிய வேண்டும். என்னுடையதில் நடுவில் ஒன்று. பக்கத்திலேயே பசையும் மரத்தூளும் வைத்து அடைத்த பழைய திருகு ஓட்டைகள். வேறொரு பெயர் அந்த இடத்தில் பல காலம் இருந்திருக்கிறது.

அடுத்து அவர் பின்பக்கத்தைத் திருப்பி, விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். 4001இன் நெக், தலையிலிருந்து பாடியின் அடிப்பகுதி வரை ஒரே நீளமாக ஓடும். இரண்டு பக்கமும் மரத்துண்டுகளை ஒட்டித்தான் பாடி உருவாகிறது. நெக்குக்கும் பாடிக்கும் நடுவே குறுக்கே மூட்டு என்று ஒன்று இருக்கவே கூடாது. என்னுடையதில் நெக் வந்து பாடியில் சேரும் இடத்தில், தடித்த கறுப்புப் பெயிண்டுக்கு அடியில் ஒரு கோடு குறுக்கே ஓடியது. மரம் தெரியும் ஃபினிஷாக இருந்திருந்தால் முதல் படத்திலேயே சாயம் வெளுத்திருக்கும். கறுப்பு ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. நான் கேட்டபோது விற்றவர் அனுப்பிய பின்பக்கப் படம் வேறு ஏதோ ஒரு கிட்டாருடையது. அதில் குறுக்குக் கோடே இல்லை.

ஜாக் தகட்டில் இரண்டு துளை. அசலில் அது ஸ்டீரியோவுக்கான ஏற்பாடு. ரிக்-ஓ-சவுண்ட் என்று எழுதிய துளையில் ஸ்டீரியோ கேபிளைச் செருகினால் நெக் பக்கத்து பிக்கப்பின் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பாகம்) ஒலி ஒரு பக்கமும், பிரிட்ஜ் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) பக்கத்து பிக்கப்பின் ஒலி மறுபக்கமும் பிரிந்து போகும். எனக்கு வந்ததில் அந்த ஜாக்குக்கு ஒயரே போகவில்லை. சும்மா அழகுக்கு.

"வாசித்தாலே தெரிந்துவிடுமே" என்று சிலர் கேட்கிறார்கள். தெரியாது. விற்றவர் அனுப்பிய ஆடியோ நன்றாகவே இருந்தது. புது ரவுண்ட்வவுண்ட் கம்பி (மேலே உருண்டைக் கம்பி சுற்றிய ரகம்), பிக் (மீட்டும் வில்லை) கொண்டு பிரிட்ஜ் பக்கமாக வாசிப்பு, ஆம்ப்பில் கொஞ்சம் டிரெபிள். இவ்வளவு போதும், அந்த உலோகக் கணகணப்பு பாதிக்கு மேல் வந்துவிடும். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டு அசலையும் போலியையும் பிரித்துச் சொல்கிறேன் என்பவர் காதை நான் நம்ப மாட்டேன்.

காப்பி எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. 1957இல் 4000, 1961இல் 4001 என்று வந்த இந்த வடிவத்தை ராக் இசைக் கலைஞர்கள் மெக்கார்ட்னி, கிறிஸ் ஸ்குவயர், லெம்மி, கெடி லீ என்று ஆளாளுக்குத் தோளில் மாட்டிப் புகழ் பெற வைத்தார்கள். விலை எல்லோருக்கும் எட்டவில்லை. 1970களில் ஜப்பானில் ஐபனேஸ், கிரெக்கோ போன்ற பெயர்களில் காப்பிகள் வந்தன. அவற்றில் சில உண்மையிலேயே நல்ல வேலைப்பாடு, இன்றும் தேடி வாங்குபவர்கள் உண்டு. தன் சொந்தப் பெயரில் நிற்கும் காப்பியிடம் எனக்குச் சண்டையில்லை. அந்தப் பெயரைப் பிடுங்கிவிட்டு வேறு பெயரை மாட்டி, விலையையும் அதற்கேற்ப ஏற்றுகிறானே, அவனிடம்தான் சண்டை.

விற்றவரிடம் பேசினேன். முதலில் "முன்னாடி வச்சிருந்தவர் மாத்தியிருப்பார்" என்றார். பிறகு கம்பெனியிலேயே ரிப்பேர் செய்த கிட்டார் என்றார். ட்ரஸ் ராட் படத்தை அனுப்பியதும், நானும் மெக்கானிக்கும் சேர்ந்து அசலை எடுத்து வைத்துக்கொண்டு போலியைத் திருப்பித் தரப் பார்க்கிறோம் என்று ஆரம்பித்தார். அதன் பிறகு நம்பரையே பிளாக் செய்துவிட்டார். இந்தப் பழி எல்லோருக்கும் வரக்கூடியது. பார்சலில் வாங்குகிறீர்கள் என்றால் பெட்டியைப் பிரிப்பதிலிருந்து மூடியைக் கழற்றுவது வரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். நேரில் வாங்குவதாக இருந்தால் விற்பவர் கண்ணெதிரிலேயே மூடியைக் கழற்றச் சொல்லுங்கள்.

சரி, காப்பி என்று உண்மையைச் சொல்லி விற்றுப் பாதிக் காசாவது எடுக்கலாம் என்றால் அதுவும் சுலபமில்லை. ரிக்கன்பேக்கர் நிறுவனம் தன் கிட்டார் வடிவங்களை வணிகக் குறியாகப் பதிவு செய்து வைத்திருக்கிறது, அதைக் காப்பதில் படு கறார். ஆன்லைன் சந்தைகளில் காப்பி விளம்பரங்களை நீக்க வைப்பது அவர்களுக்கு வாடிக்கை. நேர்மையாகக் காப்பி என்று எழுதினாலும் விளம்பரம் நிற்கும் என்று சொல்ல முடியாது. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஏமாந்தவன் கையில் மட்டும் கிட்டார் மாட்டிக்கொள்கிறது.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை: மூடி கழற்றிய தலைப்பகுதி, விளக்குச் சாய்வில் எடுத்த பின்பக்கம், 12ஆவது ஃப்ரெட்டில் நிற்கும் அளவு நாடா. மூன்றும் தனித்தனிப் படமாக வேண்டாம், வேறு கிட்டாரைக் கலந்துவிடுவார்கள். ஒரே வீடியோவாகக் கேளுங்கள். அசல் வைத்திருப்பவருக்கு இது சின்ன வேலை. "மூடியைக் கழற்றினால் மதிப்புக் குறைந்துவிடும்" என்பதெல்லாம் காதில் பூ சுற்றும் பேச்சு. நெக்கைச் சரிசெய்யும்போதெல்லாம் கழற்றி மாட்டத்தான் அது இருக்கிறது.

எனக்கு அனுப்பிய அதே படங்கள் இப்போது வேறொரு விற்பனையாளர் பெயரில் மறுபடியும் சுற்றுகின்றன. கறுப்பு நிறம், கட்டம் போட்ட பைண்டிங், ஆர் எழுத்தில் தொடங்கும் சீரியல். கிட்டார் என்னிடம் இருக்கிறது. அவர் எதைக் கொடுக்கப் போகிறார் என்று தெரியவில்லை. உங்களுக்கு அந்தப் படங்கள் வந்தால் முன்பணம் அனுப்பாதீர்கள், மூடி கழற்றும் வீடியோவைக் கேளுங்கள்.