மூளைத் தண்ணி ஓட்டம் பாக்குற எம்.ஆர்.ஐ: அப்பாவுக்கு ரெண்டு இடத்துல எடுத்த அனுபவம்

டாக்டர் சீட்டுல "சி.எஸ்.எஃப் ஃப்ளோ ஸ்டடி"ன்னு (மூளையையும் முதுகுத்தண்டையும் சுத்தி இருக்குற தண்ணி எப்படி ஓடுதுன்னு பாக்குற ஸ்கேன்) எழுதிக் கொடுத்துட்டாரா, எங்க போய் எடுக்குறதுன்னு முழிச்சிட்டு இருக்கீங்களா, அப்ப இதப் படிச்சிட்டுப் போங்க. நாங்க ஒரு தடவ காசு கட்டி வீணாப் போயி, மறுபடியும் வேற இடத்துல எடுத்தோம்.

அப்பாவுக்கு 71 வயசு. ஒரு வருஷமாவே நடை மாறிப்போச்சு, கால தூக்கி வைக்காம தரையோட தேச்சுத் தேச்சு நடக்குறாரு, திரும்பணும்னா நின்ன இடத்துலயே ஏழெட்டு எட்டு வைக்குறாரு, வாசப்படி கிட்ட வந்தா கால் ஒட்டிக்கிட்ட மாதிரி அப்படியே நின்னுருவாரு. அப்புறம் பாத்ரூம் போறவரைக்கும் ஒண்ணுக்கு அடக்க முடியல, மறதி வேற. வயசாயிருச்சு அவ்ளோதான்னு சொந்தக்காரங்க சொன்னாங்க, நானும் நம்பிட்டேன், அத நெனச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு. இந்த மூணும் சேந்து வந்தா மூளைக்குள்ள தண்ணி தேங்கியிருக்கலாம்னு நியூரோ டாக்டர்தான் சொன்னாரு. நார்மல் பிரஷர் ஹைட்ரோகெஃபாலஸ்னு பேரு, கொலம்பியா நாட்டு டாக்டர் சாலமோன் ஹக்கீம் 1965ல எழுதுனது. பார்கின்சன், அல்சைமர்னு நெனச்சு விட்டுடுறவங்க நெறய பேரு, ஆனா இது கண்டுபிடிச்சா ஆபரேஷன்ல தேற வாய்ப்பு இருக்குற வியாதி.

முதல்ல போன சென்டர் பேரு வேண்டாம். 40 நிமிஷம் உள்ள படுக்க வச்சாங்க, சாயங்காலம் ரிப்போர்ட் கொடுத்தாங்க. அதுல ஃப்ளோ பத்தி ஒரே ஒரு வரி, "ஓட்டம் தெரிகிறது"ங்குற மாதிரி. வேகம் எவ்ளோ, அளவு எவ்ளோ, எந்த இடத்துல அளந்தாங்க, ஒண்ணும் கிடையாது. டாக்டர் ஸ்கேன் படம் இருந்த சிடிய கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டு இத வச்சு எதுவும் சொல்ல முடியாதுப்பா, திரும்ப எடுக்கணும்னாரு.

ரெண்டாவது சென்டரத்தான் நான் மனசார ரெகமண்ட் பண்ணுவேன், போன்லயே வித்தியாசம் தெரிஞ்சது. பேஸ்மேக்கர் இருக்கா, உடம்புக்குள்ள கம்பி பிளேட் ஏதாச்சும் இருக்கான்னு எல்லாரும் கேப்பாங்க, இவங்க கூடவே "ஐயாவுக்கு இதயத் துடிப்பு சீரா இருக்கா?"ன்னு கேட்டாங்க. எதுக்குன்னு அப்ப புரியல. அங்க இருந்த டெக்னீஷியன் அக்காதான் பொறுமையா சொன்னாங்க. இந்தத் தண்ணி ஆத்துத் தண்ணி மாதிரி ஒரே பக்கமா ஓடாதாம். ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் மூளைக்குள்ள ஏறும்போது தண்ணி கீழ முதுகுத்தண்டு பக்கம் தள்ளப்படுது, அப்புறம் மேல திரும்பி வருது. அதனால துடிப்போட சேத்துத்தான் படம் எடுக்கணும், துடிப்பு தாறுமாறா இருந்தா கணக்கு கெட்டுரும்.

அதுக்கு விரல்ல ஒரு கிளிப் மாட்டுறாங்க. ஏசி குளிருல அப்பா விரல் ஜில்லுன்னு ஆகி துடிப்பே சரியா வரல. அந்தக்கா கிளிப்ப கழட்டிட்டு, அவரு கைய தன்னோட ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு நல்லா சூடு பறக்கத் தேச்சு, போர்வைக்குள்ள வச்சு, ரெண்டு நிமிஷம் கழிச்சு மறுபடி மாட்டுனாங்க, திரையில அலை அழகா வந்துச்சு. "ஐயா, மூச்ச சாதாரணமா விடுங்க, தலைய மட்டும் ஆட்டாதீங்க"ன்னு ஒவ்வொரு சத்தத்துக்கும் முன்னாடி மைக்ல சொல்லிட்டே இருந்தாங்க. ஊசி மருந்து எதுவும் போடல, ஃப்ளோ பகுதிக்கு மட்டும் கிட்டத்தட்ட 10 நிமிஷம் ஆச்சு.

முடிஞ்சதும் கேட்டேன், காட்டுனாங்க. மூளைக்கு நடுவுல அக்விடக்ட்னு ஒரு சின்ன குழாய், ரெண்டு மூணு மில்லிமீட்டர் அகலம்தான், மூளைக்குள்ள தண்ணி இருக்குற அறைகள்ல மூணாவதுல இருந்து நாலாவதுக்கு போற வழி. அந்த இடத்த குறுக்கால வெட்டுன மாதிரி படம், சாம்பல் கலர்ல எல்லாம் அசையாம இருக்கு, நடுவுல ஒரே ஒரு புள்ளி மட்டும் வெள்ளை, கருப்பு, வெள்ளை, கருப்புன்னு மாறி மாறி மின்னுது. ஒரு நிறம் கீழ போறது, இன்னொண்ணு மேல வர்றது. எங்கப்பா இதயம் துடிக்கிறத அவரு மூளைக்குள்ள பாத்துட்டு நிக்குறேன், கண்ணு கலங்கிருச்சு.

பழைய சிடியையும் போட்டு தப்பு எங்கன்னு சொன்னாங்க. எடுக்குறதுக்கு முன்னாடி மெஷின்ல அதிகபட்ச வேகம் இவ்ளோன்னு செட் பண்ணணும், அதுக்கு மேல தண்ணி ஓடுனா படத்துல திசை தலைகீழா மாறிரும். அப்பாவுக்கு வேகம் ஜாஸ்தி, அவங்க கம்மியா வச்சிருந்ததால வெள்ளைப் புள்ளிக்கு நடுவுல கருப்பு விழுந்திருந்துச்சு. இங்க முதல்ல எடுத்ததுலயும் லேசா அப்படி வந்துச்சு, உடனே வேகத்த செகண்டுக்கு 20 சென்டிமீட்டருக்கு ஏத்தி திரும்ப எடுத்தாங்க, கூட காசு கேக்கல.

ரிப்போர்ட்டு ரெண்டு பக்கம். உச்ச வேகம், ஒரு துடிப்புக்கு எவ்ளோ தண்ணி போய் வருது, எல்லாம் நம்பரா இருந்துச்சு. அந்த அளவு மைக்ரோலிட்டர்ல வரும், 1996ல பிராட்லின்னு ஒரு அமெரிக்க ரேடியாலஜிஸ்ட் குழு 42க்கு மேல இருந்தா ஷன்ட் ஆபரேஷன் (மூளையில தேங்குற தண்ணிய குழாய் வச்சு வெளிய வடிக்கிறது) நல்லா வேலை செய்யுதுன்னு எழுதுனாங்க. 42 மைக்ரோலிட்டர்னா ஒரு சொட்டு கூட முழுசா இல்ல! பின்னாடி வந்த ஆய்வுகள் இத முழுசா ஒத்துக்கல, மெஷினுக்கு மெஷின் நம்பர் மாறுது, அதனால இந்த ஒரு நம்பர வச்சே ஆபரேஷன் முடிவு பண்ண மாட்டோம்னு எங்க டாக்டரும் சொன்னாரு. ரிப்போர்ட்ட கையில வச்சுட்டு நீங்களா பயப்படவோ சந்தோஷப்படவோ வேண்டாம்.

குறைன்னா வெயிட்டிங் ஹால் ரொம்ப சின்னது, வீல்சேர் திரும்ப இடமில்ல, பாத்ரூம் போக ரெண்டு படி ஏறணும். இந்த வியாதிக்காரங்க வர்ற இடத்துல அது பெரிய குறை, சொல்லிட்டு வந்திருக்கேன். அதுக்காக ஒரு ஸ்டார் கம்மி, அஞ்சுக்கு நாலு.

நீங்க எங்க போனாலும் காசு கட்டுறதுக்கு முன்னாடி, துடிப்போட சேத்து எடுப்பீங்களா, ரிப்போர்ட்ல நம்பர் போடுவீங்களான்னு கேட்டுருங்க. தடுமாறுனாங்கன்னா அடுத்த சென்டர பாருங்க. காலைல முதல் ஸ்லாட் வாங்குங்க, உள்ள போறதுக்கு சரியா முன்னாடி பாத்ரூம் கூட்டிட்டுப் போயிருங்க.

வர்ற வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு டேப் டெஸ்ட், முதுகுல இருந்து 30லருந்து 50 மில்லி வரைக்கும் தண்ணி எடுப்பாங்களாம். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அவரு நடக்குறத வீடியோ எடுக்கச் சொல்லியிருக்காங்க, வராண்டாவுல 10 மீட்டருக்கு சாக்பீஸ்ல கோடு போட்டு வச்சிருக்கேன்.